இடாப்போடு ஒரு சின்னக் கொப்பி

வகுப்பு இடாப்போடு ஒரு நாற்பது பக்கக் கொப்பியையும் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை ஒன்று வியந்து நின்றாலோ, பெரிய கேள்வி ஒன்று கேட்டாலோ, திகதியும் நடந்ததும் பிள்ளை சொன்ன சொல்லுமாக இரண்டே வரி, அன்றைய இடைவேளைக்குள் எழுதிவிடுங்கள். "பனி மூடுனா மலை எங்க போகுது டீச்சர்?" என்று கேட்டால் அப்படியே, தோட்டத்து லயன் வீடுகளில் பேசும் பேச்சிலேயே.

பின்னேரம் வரை விட்டால் அது நம் சொல்லாக மாறிவிடும். "இயற்கையை ரசித்தார்" என்ற குறிப்பில் அந்தப் பிள்ளையே இல்லை. சைவநெறி, கத்தோலிக்கம் என்று சமய பாடத்துக்குப் பிள்ளைகள் பிரிந்து உட்காருவார்கள். ஆனால் இந்தக் கணங்கள் பெரும்பாலும் அதற்கு வெளியேதான் வரும்: செத்த குருவியைப் புதைக்கும்போது, அல்லது மஸ்கெலியாப் பக்கம் என்றால், டிசம்பர் பௌர்ணமியோடு யாத்திரைக் காலம் தொடங்கிய பிறகு சிவனொளிபாதமலையில் எரியும் விளக்கு வரிசையை இரவில் பார்த்துவிட்டு வந்து சொல்லும்போது.

வீட்டுத் துக்கத்தைத் தனியாக வந்து சொல்லும் பிள்ளையின் முன் கொப்பியைத் திறக்க வேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தால் போதும். புள்ளி போடவும் இது சரிவராது. புள்ளி உண்டு என்று தெரிந்தால் பிள்ளைகள் நமக்குப் பிடித்ததையே சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.