பச்சைப்பிள்ளையின் காது: "பொறுத்துப் பார்ப்பம்" என்று நாள் கடத்த வேண்டாம்

பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒரு பழைய முறை இருக்கிறது. தொட்டிலுக்குப் பின்னால் நின்று கை தட்டுவார்கள். இல்லாவிட்டால் குசினியிலிருந்து ஒரு தட்டை எடுத்துவந்து கரண்டியால் அடிப்பார்கள். பிள்ளை திடுக்கிட்டதும் "காது நல்லாக் கேக்குது" என்று அப்பம்மா தீர்ப்புச் சொல்லிவிடுவார். முதல் தவறு இதுதான். கை தட்டும்போது காற்றுப் படும், நிழல் அசையும், தொட்டில் அதிரும். பிள்ளை எதற்குத் திரும்பியது என்று யாருக்குத் தெரியும்? சத்தத்துக்கே திரும்பியிருந்தாலும், தட்டடி கேட்கிற பிள்ளைக்கு அம்மா கதைப்பது கேட்கும் என்றில்லை.

சரியாகத் தெரிய வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியில் செய்யும் காதுப் பரிசோதனைதான் வழி. முதலில் செய்யும் ஓ.ஏ.ஈ. (OAE) பரிசோதனையில் காதுக்குள் மெத்தென்ற சிறு முனை ஒன்றை வைத்து மெல்லிய ஒலியை அனுப்புவார்கள். உட்காதிலுள்ள நத்தைச்சுருள் ஒழுங்காக வேலை செய்தால், அது பதிலுக்கு ஒரு நுண்ணொலியை வெளியே விடும். அதை முனையிலுள்ள மைக் பிடித்துக்கொள்ளும். வலியில்லை, பிள்ளை நித்திரையென்றால் சில நிமிட வேலை.

பிறக்கும் 1,000 பிள்ளைகளில் 1 முதல் 3 பேருக்கு நிரந்தரக் கேட்டல் குறைபாடு இருக்கும். 1 மாதத்துக்குள் முதற் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் கேட்டல் கருவியும் பயிற்சியும் என்பதுதான் உலகெங்கும் வைத்திருக்கும் கணக்கு. எங்கள் ஊரில் 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை பிள்ளையை வெளியே கொண்டுபோக மாட்டார்கள். முதல் மாதம் அதிலேயே போய்விடும். வழக்கத்தை மாற்றச் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியிலிருந்து வெளிக்கிட முன்னர் காதுப் பரிசோதனையைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். செய்திருந்தால் முடிவைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். செய்யாவிட்டால் யாழ் போதனா வைத்தியசாலையின் காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள்.

முதற் பரிசோதனையில் பிள்ளை தேறாவிட்டால் அழவும் வேண்டாம், அசட்டையாக இருக்கவும் வேண்டாம். பிறந்து ஓரிரு நாளில் காதுக்குள் நீரும் வெண்பசையும் இருக்கும். அதனாலும் தேறாமல் போகலாம். அந்தக் காரணத்தைச் சொல்லியே மறுபரிசோதனைக்குப் போகாமல் விடுகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அடுத்தது ஏ.பி.ஆர். (ABR) என்ற பரிசோதனை. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சிறு ஒட்டுகளை வைத்து, ஒலிக்குக் கேட்டல் நரம்பும் மூளையும் காட்டும் மறுமொழியைப் பதிவார்கள். இதற்குப் பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும். நெடுந்தீவிலிருந்து வருகிற பிள்ளை குறிகட்டுவான் வரை படகில் நல்ல நித்திரை கொண்டு, கிளினிக்கில் கண்ணை உருட்டிக்கொண்டிருக்கும். வழியில் கொஞ்சம் விளையாட்டுக் காட்டி முழிப்பாக வைத்திருங்கள். பாலை அங்கே போய்க் கொடுத்தால் சரி.

"எங்கட பரம்பரையில ஒருத்தருக்கும் இல்லை." இதை நம்பி இருந்துவிடாதீர்கள். காது கேளாத பிள்ளைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பெற்றோருக்கு நன்றாகக் கேட்கும். தாயிடமும் தகப்பனிடமும் வெளித்தெரியாமல் இருக்கும் மரபணு இரண்டும் பிள்ளையில் சேரும்போதுதான் பல வேளைகளில் குறைபாடு வரும். மச்சான் மச்சாள் முடித்த குடும்பங்களில் அதற்கான வாய்ப்புக் கூட. "தகப்பனும் மூண்டு வயசிலதான் கதைச்சவர்" என்பதும் இதே வகை ஆறுதல். காது கேளாத பிள்ளையும் முதல் மாதங்களில் ஆ, ஊ என்று சொல்லும் என்பதால் வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் வராது.

கருவி விசயத்தில்தான் அதிகம் பிழைக்கிறது. கனடாவிலிருந்து மாமா அன்போடு ஒரு காது மெஷின் அனுப்புவார். சிலர் தாத்தாவுடையதையே பிள்ளைக்குப் போட்டுப் பார்ப்பார்கள். கைக்குழந்தையின் காதுக்குழாய் மிகச் சிறியது. பெரியவருக்கு அளவாக இருக்கும் அதே ஒலி அதற்குள் இன்னும் பலமாகும். பிள்ளையின் பரிசோதனை முடிவுக்கு ஏற்றபடி நிபுணர் அளந்து அமைக்காத கருவி, இருக்கிற கேட்டலையும் கெடுக்கலாம். மாமாவிடம் உதவி கேட்பதென்றால் காசாகக் கேளுங்கள்.

அப்புறம் காது அச்சு, அதாவது கருவியைக் காதுக்குள் பொருத்த அளவெடுத்துச் செய்யும் துண்டு. பிள்ளை வளர வளர அது தளர்ந்து கருவி கூவத் தொடங்கும். உடனே சத்தத்தைக் குறைப்பதோ கழற்றி வைப்பதோ பிழை; புதிய அச்சு வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. முதல் வருடத்தில் பலமுறை மாற்ற வேண்டி வரும். கலியாண வீட்டுக்குப் போகும்போது ஆட்கள் பார்ப்பார்கள் என்று கழற்றுவதை மட்டும் என்னால் பொறுக்க முடிவதில்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் போட்டிருந்தால்தான் மூளை ஒலியைப் பழகும். எங்கள் புழுக்கத்துக்கு வியர்வை உள்ளே போகும், இரவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் போட்ட டப்பாவில் வையுங்கள். பட்டன் பற்றரியைப் பிள்ளை விழுங்கினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சைகை காட்டினால் பேச்சு வராது என்று பயந்து கையைத் தட்டிவிடுகிறவர்களும் உண்டு. சைகை மொழி பேச்சைத் தடுப்பதில்லை. காது கேளாத பிள்ளைகள் படிக்கும் கைதடி நவீல்ட் பாடசாலைப் பக்கம் ஒருமுறை போய், அங்கே பிள்ளைகள் கையால் எவ்வளவு வேகமாகக் கதைக்கிறார்கள் என்று பாருங்கள். பயம் பாதி போய்விடும்.

முதற் பரிசோதனையில் தேறிய பிள்ளையையும் மறக்க வேண்டாம். குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சையில் இருந்த பிள்ளைக்கும், செங்கண்மாரி கடுமையாகி இரத்தம் மாற்றிய பிள்ளைக்கும் ஓ.ஏ.ஈ. மட்டும் போதாது, ஏ.பி.ஆர். வேண்டும். நத்தைச்சுருள் நன்றாயிருந்து நரம்பு வழியில் கோளாறு இருந்தால் ஓ.ஏ.ஈ. காட்டிக்கொடுக்காது. மூளைக்காய்ச்சல் (மெனிஞ்சைட்டிஸ்) வந்து சுகமான பிள்ளையை ஒரு நாளும் பிந்தாமல் காட்டுங்கள். சிலருக்கு நத்தைச்சுருளுக்குள் எலும்பு வளர்ந்து, உட்காதில் கருவி பதிக்கும் சத்திரசிகிச்சை கடினமாகிவிடும்.