மேற்பூச்சுக்கு அனுப்பிய தண்டுகளுக்கு முழு வரி: நான் சரிசெய்த விதம்

உள்நாட்டில் செய்த இயந்திரத் தண்டுகளை மேற்பூச்சுக்காக மட்டும் வெளிநாட்டுக்கு அனுப்பித் திரும்பப் பெற்றபோது, அவற்றின் முழு மதிப்புக்கும் சுங்க வரி விதிக்கப்பட்டது. தவறு என்னுடையதே. ‘அதே நிலையில் திரும்பிய சரக்கு’ என்று அறிவித்திருந்தேன். சரக்கு கெடாமல் காக்கும் பராமரிப்பை அந்தப் பிரிவு ஏற்கும். மதிப்பைக் கூட்டும் பூச்சை ஏற்காது. சுங்க நடைமுறைகள் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான, 1999-இல் திருத்தப்பட்டு 2006-இல் நடைமுறைக்கு வந்த கியோட்டோ உடன்படிக்கை, இத்தகைய சரக்குக்கு வெளிநாட்டில் செய்த வேலையின் அளவுக்கு மட்டும் வரி விதிக்கும் தனி நடைமுறையை வகுத்திருக்கிறது.

ஆகவே அறிவிப்பைத் திருத்த விண்ணப்பித்தேன். போனதும் வந்ததும் ஒரே தண்டுகள்தாம் என்று நிறுவுவதுதான் கடினமாக இருந்தது, ஏனெனில் ஏற்றுமதி அறிவிப்பில் எண்ணிக்கையும் எடையும் மட்டுமே இருந்தன. பூச்சு ஏறியதால் எடையும் மாறியிருந்தது! நல்லவேளையாக, தண்டின் முனையில் பொறித்த தொடர் எண்கள் தரச்சோதனை அறிக்கையிலும், புறப்படுமுன் எடுத்த படங்களிலும் பதிவாகியிருந்தன. பூச்சு நிறுவனத்திடம் கூலி, மூலப்பொருள் ஆகியவற்றைத் தனித்தனியே காட்டும் விலைப்பட்டியலையும், அதே எண்களைக் குறிப்பிடும் சான்றையும் பெற்று இணைத்தேன்.

மறுமதிப்பீட்டில் பூச்சுச் செலவுக்கும் போக்குவரத்துக்கும் மட்டுமே வரி விதிக்கப்பட்டது. அடுத்த சரக்குக்கு, அனுப்புமுன்பே அனுமதி பெற்று, ஏற்றுமதி அறிவிப்பிலேயே தொடர் எண்களை எழுதிவிட்டேன்.