ஸ்டோர் விசிறிக் கூடு அலறுகிறதா? ரப்பர் ஒட்டுமுன் ஒரு கணக்கு

கொழுந்து வாட்டும் தொட்டிக்குக் காற்றுத் தள்ளும் விசிறியின் கூடு அதிர்ந்தால், "ரப்பர் ஷீட் ஒட்டுங்க, அடங்கிரும்" என்று தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) யாராவது சொல்வார்கள். அடங்கும், பரிவு இருந்தால்: அதாவது விசிறி தட்டும் மீடிறனும் (செக்கனுக்கு எத்தனை தரம்) தகட்டின் இயற்கை மீடிறனும் ஒன்றினால். இல்லையென்றால் காசுதான் போகும். ஏ.எல். பௌதிகமும் இலவசக் கணிப்பு மென்பொருளான ஆக்டேவும் கைவசம் இருந்தால் இதைப் போட்டுப் பார்க்கலாம்.

படி 1: விசிறி தட்டும் மீடிறன். 6 இறக்கை, நிமிடத்துக்கு 960 சுற்று. 960 ÷ 60 × 6 = 96 ஹேர்ட்ஸ்.

படி 2: தகட்டின் இயற்கை மீடிறன். 2 மில்லிமீற்றர் உருக்கு, சட்டங்களுக்கிடையே 25 × 50 சென்ரிமீற்றர் என்று வைப்போம். வளைவு விறைப்பு சுமார் 146 நியூட்டன் மீற்றர். சதுர மீற்றருக்குத் திணிவு 15.7 கிலோகிராம். முன்னதைப் பின்னதால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். அதை 1.571 ஆலும், பக்கங்களின் (மீற்றரில்) வர்க்கத் தலைகீழ்களின் கூட்டுத்தொகையான 16 + 4 = 20 ஆலும் பெருக்குங்கள். விடை 96. மாட்டிக்கொண்டோம்!

இது விளிம்பு வெறுமனே தாங்கப்பட்ட தட்டையான தகட்டுக்கு. வெல்டிங்கில் இறுகிய விளிம்பென்றால் மீடிறன் ஏறும். நெளி தகரத்துக்கு இந்தச் சூத்திரம் சரிவராது.

படி 3: தணிப்பு. மட்டு என்பது பொருளின் விறைப்பைக் காட்டும் எண். அதைச் சிக்கலெண்ணாக எழுதுங்கள். கற்பனைப் பகுதியை மெய்ப் பகுதியால் வகுத்தால் இழப்புக் காரணி. பரிவில் வீச்சு அதற்கு நேர்மாறு. 0.01 ஐ 0.1 ஆக்கினால் 20 டெசிபல் இறங்கும்.

படி 4: அடுக்கு. ரப்பரை மட்டும் ஒட்டினால் அது இழுபடும், அவ்வளவே. மேலே மெல்லிய அலுமினியத் தகடு வைத்தால் நடுவில் சிக்கும் ரப்பர் படை கொய்யப்படும், அதாவது பக்கவாட்டில் சரியும். அங்கேதான் சக்தி வெப்பமாகிறது. ராஸ், உங்கர், கெர்வின் 1959 இல் தந்த மாதிரியில் முக்கியமான எண், கொய்வு அளவுரு: நடுப்படையின் கொய்வு மட்டு ÷ (அலை எண் வர்க்கம் (இங்கே π² × 20) × மேல்தகட்டின் யங்கின் மட்டு × இரு படைகளின் தடிப்புகளின் பெருக்கம்). இரு படைகளும் 0.5 மில்லிமீற்றர், கொய்வு மட்டு 1 மெகாபாஸ்கல் என்றால் சுமார் 0.3 வரும். மிகச் சிறிதானாலும் மிகப் பெரிதானாலும் தணிப்பு விழும். 1 ஐ ஒட்டிய பக்கம் நல்லது.

படி 5: வெப்பநிலை. பலர் விட்டுவிடுவது இதைத்தான். நுவரெலியா இரவுக் குளிரில் ரப்பர் விறைக்கும். டிரையரின் சூட்டுக் காற்று கலந்தால் இளகும். மட்டு பல மடங்கு மாறலாம். 12 பாகை, 35 பாகை இரண்டுக்கும் தயாரிப்பாளரின் வரைபடத்திலிருந்து மட்டை எடுத்து, கணக்கை இருமுறை ஓட்டுங்கள். ஒட்டிய படைகள் திணிவையும் விறைப்பையும் மாற்றுவதால் படி 2 ஐயும் திரும்பப் போடவேண்டும்.

தகட்டின் இயற்கை மீடிறன் 150 ஹேர்ட்ஸில் நின்று விசிறி 96 இல் தட்டினால் ஷீட் வாங்காதீர்கள். அந்த இரைச்சல் பெரும்பாலும் காற்றின் வழியே வருவது. குழாயின் உட்புறம் ஒலி உறிஞ்சும் பஞ்சுப் படையைப் பாருங்கள்.