மார்பகப் புற்றுநோய் ரிப்போர்ட்டோடு நாடு மாறி வருகிறவர்களுக்கு

சிகிச்சையின் நடுவில் நாடு மாறி வருகிறவர்கள் ரிப்போர்ட்டையும் ஸ்கேன் படங்களையும் பத்திரமாக எடுத்து வந்துவிடுகிறார்கள். விட்டுவிட்டு வருவது கட்டியின் துண்டைத்தான். பயாப்ஸியிலோ ஆபரேஷனிலோ எடுத்த திசுவை ஆய்வகத்தில் மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். ‘பிளாக்’ என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். அறை வெப்பத்திலேயே பல ஆண்டுகள் தாங்கும். கிளம்புமுன் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே வந்துவிட்டீர்களா? சரி, புது மருத்துவமனை மூலம் அதை வரவழைக்க முடியுமா என்று கேளுங்கள்.

இதை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. ஆரம்பக் கட்டத்தில் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விதான்: நோய் திரும்ப வருமா? கீமோ தேவையா? கட்டியின் அளவும் அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளும் கொஞ்சம் சொல்லும். மற்றதைச் சொல்வது அந்தப் பிளாக்கில் உள்ள செல்கள்.

ரிப்போர்ட்டில் ‘கிரேடு’ என்று 1 முதல் 3 வரை ஓர் எண் இருக்கும். செல்கள் எவ்வளவு உருமாறியிருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்பதைக் காட்டுவது அது. கிரேடு 3 என்பதை மூன்றாம் ஸ்டேஜ் என்று எண்ணி உடைந்துபோகாதீர்கள், இரண்டும் வேறு. அப்புறம் ஈஆர், பிஆர். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களை ஏற்கும் புரதங்கள் இவை. 1 சதவீதச் செல்களில் இருந்தாலே பாசிட்டிவ்தான். செல்களை வளரத் தூண்டும் ஹெர்2 என்ற புரதத்துக்கான சோதனையில் 2+ என்று வந்திருந்தால் அது முடிவான பதில் இல்லை, ஃபிஷ் போன்ற அடுத்த சோதனை வேண்டும். அதற்கும் பிளாக்தான் தேவை.

ஈஆர் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ் என்றால் ஆன்கோடைப் டிஎக்ஸ் உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். கட்டியின் திசுவில் 21 மரபணுக்களைப் பார்த்து 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும் சோதனை அது. நிணநீர் முடிச்சுகளுக்கு நோய் பரவாதவர்களில் 11 முதல் 25 வரை மதிப்பெண் வந்தவர்களுக்கு, பெரும்பாலும் கீமோ இல்லாமல் ஹார்மோன் சிகிச்சை மாத்திரையே போதும் என்று 2018-இல் வெளியான டெய்லர்எக்ஸ் ஆய்வு காட்டியது. 50 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு மட்டும், மதிப்பெண் 16-இலிருந்தே கீமோவால் ஓரளவு பயன் தெரிந்தது. ஆகவே வயதையும் சேர்த்தே பேசுங்கள். மதிப்பெண் சொல்வது உங்களைப் போன்ற பலரிடம் கண்ட வாய்ப்பை. உங்களுக்கு என்ன நடக்கும் என்பதை அது அறுதியிட்டுச் சொல்லாது.

இதையெல்லாம் மொழி தெரிந்த பிள்ளைகளை வைத்துப் பேசாதீர்கள். அம்மாவுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு எவ்வளவு என்பதை ஒரு பிள்ளை தன் வாயால் சொல்ல நேரக்கூடாது. மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று சந்திப்புக்கு நாள் குறிக்கும்போதே கேட்டுவிடுங்கள்.