சின்னக் காரில் சைக்கிளும் கூடாரமும்: ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் பிறந்து அறுகம்பையில் அலை எழும்பத் தொடங்கிவிட்டால், மட்டக்களப்பு–பொத்துவில் வீதியில் சாமான் ஏற்றிய சின்னக் கார்களை நிறையவே பார்க்கலாம். அல்டோவின் கூரையில் சேர்ஃபிங் பலகை, வாகன்ஆரின் முதுகில் இரண்டு சைக்கிள், விட்ஸின் உள்ளே கூடாரமும் அடுப்பும் ஐஸ் பெட்டியும். வார இறுதியில் பாசிக்குடா, வாகரைப் பக்கமும் இப்படித்தான். டபிள் கெப் இருந்தால்தான் இதெல்லாம் சரிவரும் என்று நினைக்க வேண்டாம். சின்னக் கார் இந்த வேலையைத் தாராளமாகச் செய்யும். ஆனால் ஏற்றுகிற முறை பலருக்குப் பிடிபடுவதில்லை. எதை எடுத்தாலும் முதலில் கூரையைத்தான் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் சின்னக் காரில் கூரை கடைசி இடம். முதலில் உள்ளே, அப்புறம் பின்னால், அதற்கும் மிஞ்சினால்தான் கூரை.

உள்ளே சைக்கிள் போகாது என்று சொல்கிறவர்களில் பலர் முழுச் சைக்கிளைத் தூக்கித் திணித்துப் பார்த்தவர்கள். சில்லைக் கழற்றிவிட்டால் கதை வேறு. அல்டோவின் பின் சீட்டை மடக்கி, முன் சில்லைக் கழற்றி, சைக்கிள் சீட்டை இறக்கி, ஹாண்டிலைத் திருப்பிவிட்டால் ஒரு சைக்கிள் வசதியாகப் படுக்கும். இரண்டு சில்லுகளையும் கழற்றினால் இரண்டாவதுக்கும் இடம் பார்க்கலாம். முன்னால் இருவர் மட்டுமே போக முடியும் என்பது உண்மை. ஆனால் சைக்கிள் வெயிலும் காற்றும் படாமல் பூட்டிய காருக்குள் பத்திரமாக இருக்கும். வழியில் தேத்தண்ணிக்கு இறங்கினாலும் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

இங்கே நடக்கிற தவறு, செயின் இருக்கிற வலப்பக்கம் கீழே வரும்படி படுக்க வைப்பது. பின் கியரைச் சட்டத்தோடு பிடித்திருப்பது ஒரு சின்ன அலுமினியத் துண்டு. சைக்கிளின் பாரம் முழுவதும் அதன்மேல் இறங்கினால் கொஞ்சம் வளையும். வளைந்தது கண்ணுக்குத் தெரியாது. போய் ஏறி மிதித்தால் கியர் தானாகத் தாவும். செயின் பக்கம் எப்போதும் மேலே இருக்கட்டும். ஒரு பழைய சாரத்தைச் சுற்றிவிட்டால் சீட்டும் கிரீஸ் ஆகாது. டிஸ்க் பிரேக் சைக்கிள் என்றால் இன்னொன்று: சில்லு கழன்றிருக்கும்போது பிரேக் பிடியை யாராவது அமுக்கிவிட்டால், உள்ளே இருக்கும் இரண்டு பாட்களும் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் சில்லு உள்ளே போகாது. காட்போட் மட்டையில் ஒரு துண்டை மடித்து அந்த இடைவெளியில் செருகி விடுங்கள். பிள்ளைகள் ஏறுகிற கார் என்றால் இது கட்டாயம். கம்பிப் பிரேக் போட்ட பழைய டபிள் பார் சைக்கிளை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதன் சில்லைக் கழற்றிப் பூட்டுவதற்குள் பயண ஆசையே போய்விடும்.

அடுத்தது எடை. நம்மூரில் ஓடுகிற 660 சீசீ ஜப்பான் கார்களில் ஆளுக்கு 55 கிலோ என்றுதான் கணக்கு வைத்திருக்கிறார்கள். நாலு பேருக்கு 220 கிலோ. காரின் மொத்த எடை என்று அவர்கள் குறிப்பது, வெறுங்காரின் எடையோடு இந்த 220ஐக் கூட்டியதைத்தான். நம்மில் எழுபது கிலோக்காரர் நாலு பேர் ஏறினாலே 280 ஆகிவிடும், ஒரு பை ஏற்றும் முன்பே. அதனால் நாலு பேர், நாலு பேருக்கும் சைக்கிள் என்கிற திட்டம் சின்னக் காருக்குச் சரிவராது. இரண்டு பேர் என்றால் 140 கிலோ; மிச்சம் 80. இரண்டு சைக்கிளுக்கு 30, சைக்கிளை மாட்டும் தாங்கிக்கு 10, கூடாரமும் பாயும் 15, இருபது லீற்றர் தண்ணீர்க் கேனுக்கு 20 என்று போட்டாலும் 75தான் வரும். இரண்டு பேர், இரண்டு சைக்கிள், ஓர் இரவு: சின்னக் காருக்கு அளவான சுமை இதுதான். இந்தியாவிலிருந்து வந்த கார்களுக்கு இந்தக் கணக்கைப் போட வேண்டாம், அவற்றின் கைநூலில் தனி எண் இருக்கும்.

பின்பக்கம் பாரம் கூடினால் காரின் மூக்கு மேலே எழும்பும். பகலில் அது தெரியாது. இரவில் உங்கள் ஹெட்லைட் எதிரே வருகிறவரின் கண்ணில் நேராக அடிக்கும், உங்கள் முன்னால் இருக்கும் வீதியோ இருட்டாக இருக்கும். பல கார்களில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2 என்று எண் போட்ட சின்ன உருளை ஒன்று இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்கள்தான் அதிகம். பாரம் ஏற்றிய அன்று அதைத் திருப்பி வெளிச்சத்தைக் கீழே இறக்க வேண்டும். டயர் காற்றையும் அன்றைக்குத்தான் பார்க்க வேண்டும். சாரதிக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் அளவு இருக்கும், சில கார்களில் முழுப் பாரத்துக்கென்று தனி அளவே போட்டிருப்பார்கள். பதினைந்து, இருபது கிலோமீற்றர் ஓடிச் சூடான டயரில் அளந்தால் எண் கூடத்தான் காட்டும். வீட்டுக்குப் பக்கத்துக் கடையில், கிளம்பும்போதே அடித்துவிடுங்கள்.

பெல்ட்டால் இழுத்துக் கட்டிப் பின்கதவில் தொங்கவிடும் தாங்கி மலிவானது, நல்லதும்கூட. ஆனால் கொக்கியை எங்கே மாட்டுவது என்று பாராமல் வாங்கி விடுகிறார்கள். கொக்கி பிடிக்க வேண்டியது தகரத்தின் ஓரத்தை. கண்ணாடியின் விளிம்பிலோ பிளாஸ்டிக் ஸ்பொய்லரிலோ மாட்டினால், குழி ஒன்றில் விழுந்து எழும்பும்போது அது உடையும். வாங்கும் முன் காரைக் கடைக்கே கொண்டுபோய் மாட்டிப் பார்ப்பது நல்லது. இன்னொரு விஷயம் சைலன்சர். தொங்குகிற சில்லின் டயர் புகைக்குழாய்க்கு நேரே வந்தால், பொத்துவில் போய்ச் சேரும்போது ரப்பர் இளகிப் புண்ணாகியிருக்கும். சில்லைக் கழற்றிவிட்டால் தீர்ந்தது. இலக்கத் தகடும் பின் விளக்குகளும் மறையாமல் இருக்கிறதா என்று நாலு அடி தள்ளி நின்று பாருங்கள். பொலிஸ் மறிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், பின்னால் வருகிற பஸ்காரருக்கு உங்கள் பிரேக் லைட் தெரிய வேண்டுமே.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு, நீளமான சாமானுக்காக டிக்கியைத் திறந்து கயிற்றால் கட்டிக்கொண்டு ஓட்டுவது. பலகைக்கும் தூண்டிலுக்கும் இப்படிச் செய்வதை அடிக்கடி காணலாம். ஓடுகிற காரின் முதுகில் காற்று சுழன்று உள்நோக்கி இழுக்கும், அதோடு உங்கள் காரின் புகையும் உள்ளே வரும். அதில் இருக்கும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை. தலையிடி, மயக்கம், நித்திரை என்றுதான் தொடங்கும். பின் சீட்டில் பிள்ளை தூங்குகிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இதற்குச் சமாளிப்பு எதுவும் கிடையாது. டிக்கி மூடவில்லை என்றால் அந்தச் சாமான் அந்தக் காரில் போகக்கூடாது.

சரி, கூரை. பலகையையோ கயாக்கையோ வேறெங்கும் வைக்க முடியாதுதான். முதலில் கைநூலைத் திறந்து கூரை எத்தனை கிலோ தாங்கும் என்று பாருங்கள், காருக்குக் கார் அது மாறும். அந்த எடையில் தாங்கியின் எடையும் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெல்டிங் கடையில் பொக்ஸ் பாரில் அடித்த தாங்கி ஆயுளுக்கும் உடையாது. ஆனால் கூரைக்குரிய எடையில் பாதியை அதுவே தின்றுவிடும். அதைப் பூட்டக் கூரையில் துளை போடுகிற கராஜ்களும் உண்டு. அதற்கு இடம் கொடுக்காதீர்கள். மார்கழி மழையில் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கும், கடற்காற்று மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். பழைய கார்களில் கூரையோரமாக மழைநீர் ஓட ஒரு விளிம்பு இருக்கும், கிளாம்ப் அதைப் பிடிக்கும். அது இல்லாத கார்களுக்குக் கதவுச் சட்டத்தைப் பிடிக்கும் கிளாம்ப்தான் வேண்டும்.

தாங்கியே இல்லாமல் மெத்தைபோன்ற பாட் இரண்டை வைத்து, பெல்ட்டைக் காருக்குள்ளால் விட்டுக் கட்டுவதும் பலகைக்குப் போதும். அப்போது பெல்ட்டைக் கதவைத் திறந்து அதனூடாக விட வேண்டும். ஜன்னலூடாக விட்டு இறுக்கிவிட்டால் நாலு கதவும் திறக்காது, ஆட்கள் ஜன்னலால்தான் இறங்க வேண்டிவரும். மழை பெய்தால் பெல்ட் வழியே தண்ணீர் ஊறி உள்ளே வந்து சரியாக உங்கள் தோளில் சொட்டும். கதவுக்கு உட்பக்கம் பெல்ட்டில் ஒரு துணித்துண்டை முடிந்துவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டி நின்றுவிடும்.

காற்றைக் குறைத்து மதிப்பிடுவதும் பெரிய பிழை. வேகம் 50இலிருந்து 70க்கு ஏறினால் காற்றின் இழுப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. நம் பக்கம் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அறுகம்பை சீசன் நடக்கிற மாதங்களில்தான் கச்சான் காற்றும் அடிக்கும். அது மேற்கிலிருந்து வருகிறது. கல்முனையிலிருந்து பொத்துவிலுக்கு வீதி தெற்கு நோக்கிப் போகிறது. ஆகவே காற்று முகத்தில் அடிக்காமல் வலப்பக்க விலாவில் அடிக்கும். வீடும் மதிலும் இருக்கிற ஊருக்குள் ஒன்றும் தெரியாது. திருக்கோவில் தாண்டிக் கோமாரிப் பக்கம் வெளியான இடத்துக்கு வந்ததும் ஸ்டீயரிங்கை யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். 700 கிலோ அளவான காரின் தலையில் ஒன்பது அடிப் பலகை இருந்தால் கேட்கவே வேண்டாம். அந்தத் துண்டில் 50ஐத் தாண்டாமல் போங்கள். முடிந்தால் காலையிலேயே, காற்று எழும்பும் முன் கடந்துவிடுங்கள்.

உயரத்தையும் சொல்ல வேண்டும். அல்டோ ஒன்றரை மீற்றருக்குச் சற்றுக் குறைவு. சைக்கிளை நிமிர்த்திக் கூரையில் பூட்டினால் இரண்டரை மீற்றரைத் தாண்டும். வீட்டு போர்ட்டிக்கோ, ஹோட்டல் கேற், மாமரக் கிளை எல்லாம் அந்த உயரத்தில்தான் காத்திருக்கின்றன. ஆடியில் உகந்தைப் பக்கம் போகிறவர்கள் கோயில் தோரணத்தையும் ஒலிபெருக்கி வயரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூரையில் சைக்கிள் இருக்கிறது என்று ஒரு துண்டில் எழுதி ஸ்பீடோமீற்றருக்குப் பக்கத்தில் ஒட்டுவது சிரிப்பாகத் தெரியலாம். வேலை செய்யும்.

கட்டுவதற்கு நம்மவர்கள் முதலில் தேடுவது பழைய டியூப். வெட்டிய டியூப் சாமான் அசையாமல் பிடிக்க நல்லது, முழுப் பாரத்தையும் அதை நம்பி விடக்கூடாது. இழுபடுவதுதான் அதன் குணம். கொக்கி வைத்த இலாஸ்டிக் கயிறும் அதே இனம். நைலோன் கயிறு நனைந்தால் தளரும். பக்கிள் வைத்த தட்டை பெல்ட்தான் சரி. பலகைக்கு ரெச்செட் பெல்ட் வேண்டாம், கிளிக் கிளிக் என்று இறுக்கிக்கொண்டே போனால் உள்ளே இருக்கும் ஃபோம் நசிந்துவிடும். கட்டி முடித்ததும் பெல்ட்டில் ஒரு முறுக்குப் போட்டுவிடுங்கள், தட்டையாக விட்டால் காற்றில் அதிர்ந்து வழி முழுக்க ஓலமிடும். எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் முதல் பத்துக் கிலோமீற்றரில் கொஞ்சம் இளகும். நகரிலிருந்து கிளம்பினால் ஆரையம்பதியில் ஒருமுறை நிறுத்தி இறுக்கிவிட்டுப் போங்கள்.

சமையல் காஸ் குப்பியை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுப்போக வேண்டாம். 50 பாகைக்கு மேல் சூடாக்காதே என்று குப்பியிலேயே போட்டிருப்பார்கள், பூட்டிய கார் நண்பகலில் அதைத் தாண்டும். லாகுகலை, பாணமைப் பக்கம் இரவு தங்கினால் வாழைக்குலையும் பழமும் கூரையிலோ பின் தாங்கியிலோ இருக்கக்கூடாது. யானைக்கு மணம் பிடிபட்டால் உங்கள் முடிச்சுகளை அவிழ்க்க அதற்குப் பொறுமை கிடையாது. பாணமையிலிருந்து உகந்தை போகும் மண் பாதையில் பாரம் ஏற்றிய சின்னக் காரின் வயிறு தட்டும். பாணமையில் சாமானை இறக்கிவிட்டு மிச்சத்தைச் சைக்கிளில் போவது எனக்குப் பிடித்த வழி. ஆனால் யானை நடமாட்டத்தை ஊராரிடம் விசாரித்த பிறகு, பகலில் மட்டும். இரண்டு சைக்கிளுக்கு மேல் இருந்தால் பேசாமல் ஒரு பட்டா லொறியைப் பிடித்து அனுப்பிவிடுங்கள்.

இறங்கியதும் அவசரத்தில் நடப்பது ஒன்று இருக்கிறது. டிஸ்க் பிரேக் இல்லாத சைக்கிள் என்றால் சில்லைக் கழற்ற பிரேக் கேபிளை விடுவித்திருப்பீர்கள். பூட்டும்போது சில்லை மட்டும் பூட்டிவிட்டுக் கேபிளைக் கொழுவ மறந்துவிடுவார்கள். ஏறும் முன் இரண்டு பிரேக்கையும் அமுக்கி, முன் சில்லைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். நட்டும் லீவரும் இறுகியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.