புதிய நாடகத்தை வளர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் புதிதாக நாடகம் எழுதும் இளைஞர்களைச் சில குழுக்கள் தேடிப் பிடிக்கின்றன. வாசிப்பு நடத்துகின்றன, பிரதியைத் திருத்தச் சொல்கின்றன, மேடை தருகின்றன. மிக நல்ல காரியம். ஆனால் முந்தைய குழுக்கள் சறுக்கிய அதே இடங்களில் இவர்களும் சறுக்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. வசனம் மறப்பது, மைக் கரகரப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை போகப்போகச் சரியாகிவிடும்.

வாசிப்பு முடிந்ததும் வைத்தியம் சொல்வது

நாடகத்தையே கொன்றுவிடும் தவறு இது.

தஞ்சாவூரில் ஒரு வாசிப்புக்குப் போயிருந்தேன். கடைமடைக் கிராமம் ஒன்றில் நிலத்தை விற்கப்போகும் குடும்பத்தைப் பற்றி ஓர் இளம்பெண் எழுதிய முதல் நாடகம். இரண்டாம் காட்சியில் தரகர் திண்ணையில் உட்கார்ந்து விலை பேசுகிறார். அப்பாவும் மகனும் பதில் சொல்கிறார்கள். அம்மாவுக்கு ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. அவள் விதைநெல்லை மரக்காலால் அளந்துகொண்டிருக்கிறாள். தொகை முடிவாகும் நேரத்தில், அளந்ததையெல்லாம் திரும்பக் குவியலிலேயே கொட்டிவிட்டு முதலிலிருந்து அளக்கத் தொடங்குகிறாள்.

காட்சியின் உயிரே அதுதான். ஆனால் வாசித்தவர்கள் வசனத்தை மட்டும் வாசித்தார்கள்; மேடைக்குறிப்புகளைத் தாண்டிப் போய்விட்டார்கள். அம்மா அங்கே இருப்பதே கேட்டவர்களுக்குத் தெரியவில்லை.

அம்மாவைப் பேசவிடுங்கள் என்றார் ஒருவர். ஒப்பாரி வையுங்கள் என்றார் இன்னொருவர். மீத்தேன் பிரச்சினையையும் சேர்க்கச் சொன்னார் மூன்றாமவர். எழுதியவர் தலை நிமிராமல் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டார். அடுத்த பிரதியில் அம்மா ஒப்பாரி பாடினாள், கலெக்டரிடம் மனு கொடுத்தாள், மீத்தேனைப் பற்றி ஒன்றரைப் பக்கம் பேசினாள். மரக்காலைக் காணோம். அந்த நாடகம் மேடையேறவில்லை. அவர் பிறகு எழுதவும் இல்லை. இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

எழுதியது கேட்பவரிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று எழுதியவருக்குக் காட்டுவதே முதல் வாசிப்பின் வேலை. அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் உருவாக்கத் தொடங்கிய முறை இதற்கு நன்றாக உதவும். அதில் நான்கு படிகள். தங்கள் மனத்தில் எது நின்றது என்று மட்டும் பார்வையாளர்கள் முதலில் சொல்ல வேண்டும். அடுத்துப் படைத்தவர் தன் சந்தேகங்களைக் கேட்பார். பிறகு பார்வையாளர்கள் கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பை ஒளித்துவைக்கக் கூடாது. கருத்துச் சொல்வது கடைசியில்தான். அதுவும் படைத்தவர் சம்மதித்தால். அன்று இரண்டாம் படிவரை போயிருந்தாலே போதும், அம்மா என்ன செய்கிறாள் என்று புரிந்ததா என்று அந்தப் பெண் கேட்டிருப்பார். குறிப்புகளை யாரும் வாசிக்கவில்லை என்பதும் தெரியவந்திருக்கும்.

மேடைக்குறிப்பு வாசிப்பதற்கென்றே ஒருவரை உட்கார வையுங்கள். எழுதியவருக்கு எந்தப் பாத்திரமும் தராதீர்கள். அவர் பின்வரிசையில் இருந்து, கேட்பவர்கள் எந்த இடத்தில் நெளிகிறார்கள் என்று பார்க்கட்டும்.

ஒத்திகையில் இயக்குநர் வசனத்தை மாற்றுவது

எழுதியவரை அழையுங்கள்.

பிரதிக்கு முன்னால் தேதி குறிப்பது

நோட்டீஸ் அடித்தபின் யாரும் திருத்தி எழுதுவதில்லை. டெல்டாவில் வேறு கணக்கும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் திறந்தவெளி மேடை போட்டால் மழையில் நனையும். தை, மாசியில் சம்பா அறுவடை. நடிகர்களில் பலர் களத்தில் இருப்பார்கள். மெலட்டூரில் பாகவத மேளா என்னும் நாட்டிய நாடகம் நரசிம்ம ஜயந்தியையொட்டிக் கோடையில்தான் நடக்கிறது. நமக்கும் பங்குனிக்குப் பிறகே வசதி. அடைமழைக் காலத்தில் கூரைக்குக் கீழே வாசிப்புகளை வைத்துக்கொண்டால் திருத்துவதற்குச் சில மாதங்கள் கிடைக்கும்.

எழுதியவருக்குச் சால்வை மட்டும் போர்த்துவது

ராஜராஜேஸ்வர நாடகம் நடிப்பதற்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அளவோடு சொல்கிறது. நீங்களும் தொகையை எழுத்தில் கொடுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தில் கையொப்பமிட்டுத் தந்தால்தான் உரிமை கைமாறும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்று கொள்ளப்படும். ஒரு பருவம் மட்டும் மேடையேற்றப் போகிறீர்கள் என்றால் அதையும் அந்தக் காகிதத்திலேயே எழுதிவிடுங்கள்.