டிரைக்கினெல்லா புழு: இறைச்சியை எவ்வளவு சூட்டில் வேகவைக்க வேண்டும்?

பன்றி, காட்டுப்பன்றி, கரடி முதலிய விலங்குகளின் தசையில் டிரைக்கினெல்லா என்ற உருளைப்புழு குடியிருக்கலாம். இளம்புழு ஒன்றின் நீளம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். தசை நாருக்குள் சுருண்டு உறைக்குள் கிடப்பதால் கண்ணுக்குத் தெரியாது, கழுவினாலும் போகாது. அரைவேக்காட்டு இறைச்சியைத் தின்றால் வயிற்றின் செரிமான நீர் அந்த உறையைக் கரைத்துவிடும். வெளிவந்த புழு சிறுகுடலில் வளர்ந்து குட்டி போடும். குட்டிகள் இரத்தத்தில் கலந்து நம் தசைகளுக்குப் போய்ச் சேரும்.

இதைத் தடுக்க நம்பத் தகுந்த வழி சூடுதான். அதையும் அளந்து பார்க்க வேண்டும். பன்றி இறைச்சி முழுத்துண்டாக இருந்தால் உள்ளே 63 டிகிரி செல்சியஸ் வந்ததும் அடுப்பிலிருந்து இறக்கி, 3 நிமிடம் அப்படியே விட்டுவிட்டு வெட்டுங்கள். கொத்துக்கறிக்கும் வேட்டை விலங்கு இறைச்சிக்கும் 71 டிகிரி வேண்டும்.

உணவுக்கான தெர்மாமீட்டரின் முனை இறைச்சியின் மிகத் தடித்த பாகத்தின் நடுவே நிற்க வேண்டும். எலும்பைத் தொட்டால் அளவு தவறாகக் காட்டும்; சட்டியைத் தொட்டாலும் அப்படியே. தட்டையான துண்டுக்கு மேலிருந்து குத்தாமல் பக்கவாட்டில் செருகுங்கள். இரண்டு மூன்று இடங்களில் பார்த்து, வந்ததில் குறைந்த எண்ணையே கணக்கில் கொள்ளுங்கள். கருவி சரியா என்று சந்தேகமா? ஒரு டம்ளரில் நிறைய ஐஸ், கொஞ்சம் தண்ணீர் போட்டுக் கலக்கி முனையை நனையுங்கள். 0 டிகிரி காட்ட வேண்டும்.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உள்ளே வேகாமலே வெளுத்துப் போகும் துண்டும் உண்டு, நன்றாக வெந்தும் சிவப்பு மாறாத பதப்படுத்திய இறைச்சியும் உண்டு. மைக்ரோவேவ் எல்லா இடத்தையும் ஒரே அளவில் சூடாக்குவதில்லை; குளிர்ந்துபோன ஒரு மூலை போதும், புழு பிழைத்துக்கொள்ளும். உப்புக்கண்டம், புகையில் வாட்டியது, காயவைத்தது எதையும் அந்த முறைகளை மட்டும் நம்பிச் சாப்பிட வேண்டாம். வீட்டில் செய்யும் தொத்திறைச்சியில் பலர் ஏமாறுவது இங்கேதான்.

ஃப்ரீசர் பாதிதான் உதவும். 15 சென்டிமீட்டருக்குள் தடிமனுள்ள பன்றி இறைச்சியை மைனஸ் 15 டிகிரியில் 3 வாரம் வைத்தால் அதிலுள்ள புழு சாகும். ஆனால் கரடி போன்ற காட்டு விலங்குகளில் இருக்கும் சில இனங்கள் உறைகுளிரையும் தாங்கும். வேட்டை இறைச்சிக்கு ஃப்ரீசரை நம்பவே கூடாது. பச்சை இறைச்சி அரைத்த இயந்திரத்தைக் கழற்றி, ஒவ்வொரு பாகமாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

தின்ற ஓரிரு நாளில் குமட்டல், வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி வரலாம். சில வாரம் கழித்துக் காய்ச்சல், தசைவலி, கண்ணைச் சுற்றி வீக்கம் வந்தால் மருத்துவரிடம் போய், என்ன இறைச்சி, எப்போது, எப்படிச் சமைத்தது என்று சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்றே நினைக்கப்படும். இரத்தத்தில் ஈசினோஃபில் என்ற ஒரு வகை வெள்ளை அணுக்கள் கூடியிருப்பது நல்ல தடயம். எதிர்ப்பொருள் சோதனையோ தொடக்கத்தில் ஒன்றும் காட்டாமல் போகலாம். அல்பெண்டசோல், மெபெண்டசோல் மாத்திரைகள் புழு குடலில் இருக்கும்போதே தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். தசைக்குப் போய்விட்டால் பலன் குறைவு. கர்ப்பிணிகள் தாங்கள் கர்ப்பமாக இருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். இந்த நோய் ஆளுக்கு ஆள் தொற்றாது, ஆனால் அதே இறைச்சியைப் பகிர்ந்து சாப்பிட்டவர்களுக்கு உடனே சொல்லியனுப்புங்கள். மிச்சம் இருந்தால் எறியாமல் தனியே கட்டிக் குளிரில் வையுங்கள். ஆய்வகம் அதைச் சோதித்துப் பார்க்க முடியும்.